பாஸ்போர்ட் கேட்காத கோடை

பிப்ரவரி பிறந்ததும் விளம்பரங்கள் வரத் தொடங்கும். ‘தாய்லாந்து, 4 இரவு 5 பகல்’, ‘துபாய், பாலைவனச் சவாரியுடன்’. வீட்டில் ஒருவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார், இன்னொருவர் கால்குலேட்டரை எடுப்பார். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். விமான டிக்கெட் போட்டாகியிருக்கும். இல்லையென்றால், இந்த வருஷம் பக்கத்திலேயே எங்காவது போய்க்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்திருக்கும். இந்த அத்தியாயம் இரண்டாவது வீட்டாருக்கு.

அவர்கள் எடுத்தது பெரும்பாலும் நல்ல முடிவு. ஆனால் முடிவெடுத்த பிறகு யாரும் எதுவும் செய்வதில்லை. வெளிநாட்டுப் பயணம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பணம் கட்டியாயிற்று, ரத்து செய்தால் போய்விடும், அலுவலகத்தில் லீவு கேட்டாயிற்று. அந்த வாரத்தில் வரும் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொன்னால் மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்காட்டுக்குப் போகிறோம் என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். ‘ஏற்காடு எங்க ஓடிப்போகுது? கல்யாணத்த முடிச்சுட்டுப் போங்க மாப்ள’ என்பார். மேலாளரும் கிட்டத்தட்ட அதையேதான் வேறு குரலில் சொல்வார். தூரப் பயணத்துக்குத் தானாகக் கிடைக்கும் வேலியை, பக்கத்தில் போகிறவர் தன் கையால் போட்டுக்கொள்ள வேண்டும். அது எப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிடுவோம்.

விளம்பரத்தில் இல்லாத கணக்கு

தஞ்சாவூரில் இருக்கும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மலிவான விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. போய் இறங்கிய முதல் நாள் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். கடைசி நாள் மதியம் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு இரவு விமானத்துக்குக் காத்திருப்பீர்கள். 5 பகலில் கையில் நிற்பது மூன்று. அந்த மூன்றும் வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போகும்.

பணத்திலும் இப்படித்தான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே பழையது இருக்கிறது என்று நம்பியிருந்த வீடுகளில் ஏப்ரலில் ஓட்டம் தொடங்கும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கும்போது முகவர் வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார். அது கணக்குத் தாக்கல் செய்யும்போது நேராகிவிடும். ஆனால் மே மாதம் கையிலிருந்து போவது போவதுதான். கடன் அட்டையை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் நாணய மாற்றுக்கென்று தனிக் கட்டணம் போடும்.

போகட்டும், அங்கே போய் வெயிலிலிருந்து தப்பிக்கிறோமா? துபாயில் மே மாதப் பகல் சென்னையைவிடக் கொடியது. பாங்காக்கில் ஏப்ரல்தான் உச்ச வெப்பம், மே நடுவில் மழைக்காலம் தொடங்கும். புக்கெட் பக்கத்துக் கடல் மே முதல் கொந்தளிக்கத் தொடங்கும், குளிக்க வேண்டாம் என்று கரையில் சிவப்புக் கொடி ஏறும். தென்கிழக்கு ஆசியாவைப் பார்க்க ஆசையிருந்தால் டிசம்பரிலோ ஜனவரியிலோ பாருங்கள். மே மாதத்தை அதற்குச் செலவழிப்பது எனக்கு வீணாகவே படுகிறது.

இதில் நாட்டுப்பற்று எதையும் நான் கலக்கவில்லை. மகள் சிங்கப்பூரில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள் என்றால் இந்த அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கம் என்பது எவ்வளவு பக்கம்

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து தங்கும் அறையின் வாசல் வரை 5 மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்துவதையும் சேர்த்து. அதற்கு மேல் போனால் போகும் நாளும் வரும் நாளும் பயணத்திலேயே கரைந்துவிடும். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் 4 மணி நேரம்.

இந்த அளவுகோலை வைத்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வட்டம் கிடைக்கும். சென்னைக்காரருக்கு ஏலகிரி, புதுச்சேரி, சிதம்பரம். மதுரைக்குச் சிறுமலை, கொடைக்கானல், மேகமலை. கோவைக்கு வால்பாறையும் கோத்தகிரியும். திருச்சிக்குக் கொல்லிமலை, பச்சைமலை, தரங்கம்பாடி. சேலத்துக்காரர் அதிர்ஷ்டசாலி: 30 கிலோமீட்டரில் ஏற்காடு. ஆனால் சேலத்துக்காரர் ஏற்காட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதைத்தான் பழக்கமாக வைத்திருக்கிறார். அது விடுமுறை இல்லை. மலையில் நல்ல பொழுது மாலை 5 மணிக்கு மேலும் காலை 8 மணிக்கு முன்பும்தான் இருக்கிறது. அந்த இரண்டு வேளையிலும் அவர் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறார்.

குளிர் வேண்டுமானால் உயரத்தைப் பாருங்கள்

மலை என்றாலே குளிர் என்று நினைத்துப் போய், பகலில் மின்விசிறி தேடுகிறவர்கள் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜோலார்பேட்டை கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். வித்தியாசம் 700 மீட்டர், ஆகக் குறைவது நாலைந்து டிகிரி. கீழே 39 என்றால் மேலே 34 அல்லது 35. மாலை இதமாக இருக்கும், மதியம் இருக்காது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 8 டிகிரி குறையும். கோவையிலிருந்து கோத்தகிரிக்கு 9, ஊட்டிக்கு 12.

அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. ஸ்வெட்டர் போட்டே தீர வேண்டும் என்றால் 1,800 மீட்டருக்கு மேல் போங்கள். இரவில் போர்வை போர்த்தித் தூங்கினால் போதும் என்றால் ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை போதும், கூட்டமும் குறைவு. கொல்லிமலையில் ஓர் எச்சரிக்கை: காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், இறங்கியதையெல்லாம் ஏறவும் வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை அறப்பளீசுவரர் கோயில் நிழலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போகலாம்.

வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையை வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன்பக்கமாக உட்காரவைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் கைப்பேசி கூடாது.

ஊட்டியும் கொடைக்கானலும்

போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும். கோத்தகிரி நேரு பூங்காவின் காய்கறிக் கண்காட்சியில் கத்தரிக்காயாலும் பாகற்காயாலும் செய்த மிருகங்களைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆனால் இந்த இரண்டு மலைகளுக்கும் இப்போது நினைத்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீதிமன்றம் எண்ணிக்கையையே கட்டிவிட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

எனவே என் பரிந்துரை ரயில்தான். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும், அங்கே மலை ரயில் காத்திருக்கும். 46 கிலோமீட்டர், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாதை, குன்னூர் வரை நீராவி எஞ்சின். குன்னூர் வரையான பகுதி 1899இலும், ஊட்டி வரை 1908இலும் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும், மே மாத இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பேருந்தில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்குப் போகும் குட்டிப் பயணத்தைப் பிடியுங்கள். ஒரு நாளில் பல வண்டிகள் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சிறு பிள்ளைகளுக்கு 5 மணி நேர ரயிலைவிட இதுவே மேல்.

காரில்தான் போவோம் என்றால், சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். இதை மனத்தில் வைத்துத் தங்கும் இடத்தைப் பாருங்கள். திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். கோத்தகிரியில் அறை எடுத்து, ஊட்டிக்கு ஒரே ஒரு நாள் போய்வந்தால் போதும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உண்டு, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் குற்றாலம் போகாதீர்கள்

குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூனில்தான் தொடங்கும். மே மாதத்தில் பாறையைத்தான் பார்ப்பீர்கள். இடையில் கோடை மழை பெய்து தண்ணீர் வந்தால் அது இன்னும் ஆபத்து: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. எந்த அருவியானாலும், தண்ணீர் கலங்கினாலோ இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே மழை பெய்திருக்கிறது என்று பொருள். சோப்பை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். சாரலில் நனைய ஆசையென்றால் பள்ளி திறந்த பிறகு ஜூன் கடைசியில் ஒரு சனி ஞாயிறு போய்வாருங்கள்.

கடற்கரைக்கு ஓர் உதாரணம்: தரங்கம்பாடி

வெளிநாடு பார்க்க முடியவில்லையே என்று வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718ஐச் சேர்ந்தது. 1845இல் டென்மார்க்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இவ்வளவும் நடந்தே பார்க்கக்கூடிய நாலைந்து தெருக்களுக்குள் இருக்கிறது. ஒரு மாலையும் ஒரு காலையும் போதும்.

கடற்கரை ஊரில் மே மாத நாளை இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். காலை 6 முதல் 9 வரை வெளியே. 10 மணிக்கு மேல் அறை, சாப்பாடு, தூக்கம், சீட்டுக்கட்டு. மாலை 4 மணிக்கு மேல் மறுபடி வெளியே. இந்த நடுப்பகல் ஓய்வைப் பலரும் நேர விரயம் என்று நினைத்து அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். விடுமுறையின் பாதி அந்த ஓய்வில்தான் இருக்கிறது. பூம்புகாரும் திருக்கடையூரும் பக்கம். இன்னொரு நாள் காலையில் பிச்சாவரம் போகலாம். அங்கே மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். சதுப்பு மரங்களுக்கு நடுவே குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். தொப்பி கட்டாயம்.

தஞ்சைப் பெரிய கோயிலோ கங்கைகொண்ட சோழபுரமோ போகிறவர்களுக்கும் இதே நேரக் கணக்குத்தான். அந்தக் கல்தளத்தில் மே மாத நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. காலையில் நடை திறக்கும்போது போய் நில்லுங்கள்.

வண்டி, டிரைவர், அறை

வேன் பேசும்போது கிலோமீட்டர் கட்டணத்தோடு நிற்காதீர்கள். டிரைவர் பேட்டா நாளுக்கு எவ்வளவு, மலை ஏறத் தனிக்கட்டணம் உண்டா, சுங்கமும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, ஒரே இடத்தில் வண்டி நிற்கும் நாளுக்கு என்ன கணக்கு என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் பேசி முடியுங்கள். டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்டீர்களா? வண்டிக்குள் மடங்கிப் படுத்து எழுந்தவர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை இறக்கத்தில் கொண்டுவருவார். பல விடுதிகளில் டிரைவர்களுக்கென்று இடம் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும், ஏறிவரும் வண்டிக்கு வழி விட வேண்டும். காட்டுக்குள் போகும் சில சாலைகள் இரவில் மூடப்படும். முதுமலை தாண்டிப் பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை திறக்காது.

அறையைப் படத்தைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். வெந்நீர் எந்த நேரத்துக்கு வரும்? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் அறை, அதில் வெஸ்டர்ன் கழிப்பறை கிடைக்குமா? வண்டி வாசல் வரை வருமா, மேட்டில் பெட்டி தூக்கி நடக்க வேண்டுமா? மே மாதத்தில் பல மலை ஊர்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும், லாரித் தண்ணீர்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஓட்டல் தமிழ்நாடு என்ற பெயரில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் விடுதிகள் பளபளப்பாக இருக்காது. ஆனால் பல ஊர்களில் நல்ல இடத்தை அவர்கள்தான் முதலிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சமையலைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போகும் வழிக்குப் புளிசாதமும் இட்லிப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அடுப்பும் குக்கரும் அரிசிப் பையும் டிக்கியில் ஏறக் கூடாது. ஏறினால் வீட்டிலுள்ள பெண்களுக்கு அது விடுமுறை இல்லை, தண்ணீர் வசதி குறைந்த இன்னொரு சமையலறை. விமானச் செலவில் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குங்கள். சமைத்துத் தரும் ஹோம்ஸ்டே பாருங்கள், மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. இன்னொரு பங்கை அந்த மண்ணில் விளைவதற்குக் கொடுங்கள்: புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம், கொடைக்கானல் மலைப்பூண்டு; கூடவே ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை, கொல்லிமலை மிளகு.

வேலி

இனி, முதலில் சொன்ன விஷயம். மார்ச்சிலேயே தேதி குறித்து, அலுவலகத்தில் லீவை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அறைக்கு முன்பணம் கட்டுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையைவிட, திரும்பாத அறை விலையும் குறைவு, உங்களைக் கிளப்பியும் விடும். உறவினர்களிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வாரம் ஊரில் இல்லை என்றால் போதும். மலையில் சிக்னல் கிடைக்காது என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வால்பாறையின் சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும்.

ஒரே இடத்தில் தங்குங்கள். 4 நாளில் மூன்று ஊர் என்று திட்டமிட்டால் நீங்கள் மிச்சப்படுத்திய விமான நேரத்தை வேனில் செலவழிக்கிறீர்கள். பிள்ளைகளிடம் ஒரு முழு நாளை ஒப்படைத்துவிடுங்கள்: எங்கே போவது, என்ன சாப்பிடுவது, அந்த நாளின் செலவுப் பணம் எல்லாம் அவர்கள் கையில். துபாய் போய்வந்த வகுப்புத் தோழனிடம் சொல்ல அவர்களுக்கும் ஒரு கதை வேண்டும், படகில் துடுப்புப் போட்டதோ மலை ரயிலில் கரி படிந்த முகமோ அதற்குப் போதும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் உண்டு. வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியிருக்கும், அதன் பிறகு பதிவு செய்யலாம்.

ஊரை விட்டே கிளம்ப முடியாதவர்களுக்கும் வேலி தேவை. சென்னையில் இருந்தபடி விடுமுறை கொண்டாடுவது சாத்தியம்தான். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய். இது தெரியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த நாள் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள்.

திரும்பும் நாளை ஞாயிறாக வைக்காதீர்கள். ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசை, மலையில் கிடைத்த நிம்மதியில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புங்கள். ஞாயிறு முழுக்கத் துணி துவைக்கவும், மாவு அரைக்கவும், மாமாவுக்குப் போன் பண்ணிக் கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரிக்கவும் நேரம் இருக்கும்.